துணைவினைகளும் கதைப்பின்னலின் படிநிலைகளும்: தமிழ் கற்பித்தலில் ஓர் இணைப்பு

1. முன்னுரை

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்போர்க்கு வேற்றுமை உருபுகளும் கால இடைநிலைகளும் திணை, பால் விகுதிகளும் தொடக்கத்தில் கடினமாகத் தோன்றினும், அவை வாய்பாடுகளில் அடங்குவன, பயிற்சியால் வசப்படுவன. துணைவினைகளின் நிலை அத்தகையதன்று. 'விழுந்தது' என்பதும் 'விழுந்துவிட்டது' என்பதும் ஒரே காலத்தில் நிகழ்ந்த ஒரே நிகழ்ச்சியைக் குறிக்கின்றன. எவ்விடத்தில் முன்னதும் எவ்விடத்தில் பின்னதும் வரும் என்னும் வினாவிற்குத் தனி வாக்கியத்தினுள் விடை கிடைப்பதில்லை.

பாடநூல்களில் துணைவினை இலக்கணப் பாடத்திலும் கதைப்பின்னல் இலக்கியப் பாடத்திலும் இடம்பெறுவது வழக்கம். முன்னதில் துணைவினைகள் பட்டியலாக வரும்; ஒவ்வொன்றிற்கும் 'முடிவு', 'தற்பயன்', 'முயற்சி' என்று ஒரு பொருளும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் தரப்படும். பின்னதில் தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு என்னும் படிநிலைகள் விளக்கப்படும். இவ்விரண்டு பாடங்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. இதன் விளைவு மாணவர் எழுதும் கதைகளில் வெளிப்படும். இலக்கணப் பிழை ஒன்றும் இராது. ஆயினும் கதை தட்டையாக அமையும். அல்லது ஒவ்வொரு வாக்கியமும் 'விட்டது' என்று முடிந்து, எந்நிகழ்ச்சி முதன்மையானது என்பதே புலப்படாமற் போகும்.

துணைவினைகளுள் ஒரு சாராரின் பொருள், அவை இடம்பெறும் கதைப்பின்னற் படிநிலையால் உறுதிப்படுகிறது என்பதும், ஆதலின் இரண்டையும் ஒருங்கே கற்பிப்பதே பொருத்தமுடையது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். எடுத்துக்காட்டிற்கு யாவரும் அறிந்த 'பாட்டி வடை சுட்ட கதை' கொள்ளப்படுகிறது. அது சிறியது, எல்லாப் படிநிலைகளும் உடையது, இரு வேறு முடிவுகளோடு வழங்குவது. இம்மூன்றாம் இயல்பு இவ்வாய்விற்குப் பெரிதும் துணைசெய்கிறது.

2. துணைவினையை இனங்காணல்

தொல்காப்பியத்திலோ நன்னூலிலோ துணைவினைக்கெனத் தனி இயல் இல்லை. தற்கால மொழியியலார் இதனைத் தனித்து ஆராய்ந்துள்ளனர். ஹெரால்டு ஷிஃப்மன் 1969இல் சிகாகோ பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேடும், இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட வினை நீட்சி பற்றிய நூலும், தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணமும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, ஒரு வினையின் துணைவினைப் பொருள்களைத் தலைமை வினைப் பொருளினின்றும் பிரித்துக் காட்டியது.

துணைவினையை இனங்காண மூன்று சோதனைகள் வகுப்பறைக்குப் போதுமானவை. முதலாவது, சொற்பொருள் நீங்குதல். 'கண்ணாடி உடைந்துவிட்டது' என்னுமிடத்து எதனையும் விடுதல் இல்லை. இரண்டாவது, இடையீடு ஏலாமை. 'பழத்தை நறுக்கி வைத்தான்' என்பது இருபொருள் தருவது: நறுக்கி ஓரிடத்தில் வைத்தான் என்பது ஒன்று, பின்னர்ப் பயன்படுமாறு முன்கூட்டியே நறுக்கினான் என்பது மற்றொன்று. 'பழத்தை நறுக்கித் தட்டில் வைத்தான்' என்று இடையே ஒரு சொல் புகுந்ததும் பின்பொருள் மறைகிறது. 'ஏ', 'உம்' போன்ற இடைச்சொற்கள் மட்டுமே புகலாம்: 'வந்தே விட்டான்'. மூன்றாவது, தேர்வுக் கட்டுப்பாடு. துணைவினை தனக்குமுன் வரும் வினையைத் தேர்ந்தே ஏற்கிறது. 'கெட்டுப்போயிற்று', 'உடைந்துபோயிற்று' என்பன இயல்பானவை. 'படித்துப் போனான்' என்பதில் போதல் தலைமை வினையாகவே நிற்கும்.

'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சத்தை அடுத்து விடு, கொள், இரு, கொண்டிரு, வை, பார், போ, வா, போடு, தள்ளு, தொலை முதலியனவும், 'செய' என்னும் வாய்பாட்டு எச்சத்தை அடுத்து வேண்டும், முடியும், கூடும், பார், போ முதலியனவும் வருகின்றன. இரு வகையிலும் வரும் வினைகளைத் தனியே கவனப்படுத்துதல் வேண்டும். 'பிடித்துப் பார்த்தான்' என்பதில் பிடித்தல் நிகழ்ந்தது. 'பிடிக்கப் பார்த்தான்' என்பதில் அது நிகழவில்லை. கதையில் முன்னது ஒரு சோதனை. பின்னது நிறைவேறாத முயற்சி.

3. கதைப்பின்னலின் படிநிலைகள்

கதை நிகழ்ச்சிகளைப் படிநிலைகளாகப் பகுத்தல் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் நாடகத்திற்குரிய சந்திகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாகக் கூறி, உழவுத் தொழிலோடு உவமித்து விளக்குகிறார். வித்து முளைத்தல் முதலாக, விளைந்ததைக் கொண்டு உண்ணுதல் ஈறாக அவ்வுவமை விரிகிறது. ஜெர்மானிய அறிஞர் குஸ்டாவ் ஃபிரைடாக் 1863இல் நாடக உத்தி பற்றிய தம் நூலில் அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்னும் ஐந்து பகுதிகளை வகுத்தார்.

பேச்சில் எடுத்துரைக்கப்படும் அனுபவக் கதைகளை வில்லியம் லபோவும் யோசுவா வலெட்ஸ்கியும் 1967இல் ஆராய்ந்தனர். சூழல், சிக்கல், மதிப்பீடு, தீர்வு, முடிப்பு என்னும் உறுப்புகள் அவர்களால் இனங்காணப்பட்டன. இவற்றுள் மதிப்பீடு என்பதே மொழியியலார்க்கு முக்கியமானது. நிகழ்ச்சி இன்னது என்று கூறுவதோடு, அது ஏன் கூறத்தக்கது, கூறுவோன் அதனை எவ்வாறு நோக்குகிறான் என்பதைத் தெரிவிப்பது மதிப்பீடு. இது ஓரிடத்தில் திரண்டு நிற்கலாம். கதை முழுவதும் பரவியும் கிடக்கலாம் என்று லபோ 1972இல் மேலும் விளக்கினார்.

பால் ஹாப்பர் 1979இல், வினையின் நிகழ்நிலை வடிவங்கள் கதையின் முன்புல நிகழ்ச்சிகளையும் பின்புலச் செய்திகளையும் வேறுபடுத்த உதவுகின்றன என்று பல மொழிச் சான்றுகளால் காட்டினார். தமிழில் இப்பணியைத் துணைவினைகள் செய்கின்றன. அத்துடன் லபோ கூறும் மதிப்பீட்டையும் அவையே பெரிதும் தாங்குகின்றன. ஒரே உறுப்பு இவ்விரு பணிகளையும் ஆற்றுவதே கற்போரின் இடர்ப்பாட்டிற்குக் காரணம் எனலாம்.

4. ஒரு கதையின் வினைகள்

கதை பின்வருமாறு அமைகிறது:

ஓர் ஊரில் ஒரு பாட்டி வடை சுட்டு விற்று வந்தாள். அன்றும் மரத்தடியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். சுட்டவற்றை அடுக்கி வைத்திருந்தாள். காகம் ஒன்று வந்தது. பாட்டி அயர்ந்த வேளையில் ஒரு வடையை எடுத்துக்கொண்டது. பறந்துவிட்டது. மரக்கிளை ஒன்றில் அமர்ந்தது. நரி ஒன்று அதைப் பார்த்துவிட்டது. எப்படியாவது வடையை வாங்கிவிட வேண்டும் என்று எண்ணியது. காகத்தின் அழகைப் புகழ்ந்து பார்த்தது. காகம் வாய் திறக்கவில்லை. நரி அதன் குரலைப் புகழ்ந்தது. ஒரு பாட்டுப் பாடுமாறு கேட்டது. காகம் மயங்கிப் போயிற்று. 'கா' என்று கத்திவிட்டது. வடை விழுந்துவிட்டது. நரி அதைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. காகம் ஏமாந்து போயிற்று.

இதில் முடிக்கும் வினைகள் 18. அவற்றுள் 12 துணைவினை பெற்றவை, 6 பெறாதவை. ('இல்லை' என்னும் எதிர்மறை இக்கணக்கில் துணைவினையாகக் கொள்ளப்படவில்லை.) படிநிலைதோறும் இவற்றின் பரவலைக் காணலாம்.

4.1. சூழல்

முதல் மூன்று வாக்கியங்கள் சூழலைத் தருவன. 'விற்று வந்தாள்' என்பது வழக்கத்தையும், 'சுட்டுக்கொண்டிருந்தாள்' என்பது கதை தொடங்குங்கால் நடைபெற்ற செயலையும், 'அடுக்கி வைத்திருந்தாள்' என்பது முன்னரே முடிந்து பயன் நிலைத்திருக்கும் செயலையும் உணர்த்துகின்றன. இவை கதையை முன்னோக்கி நகர்த்துவன அல்ல. இம்மூன்றையும் 'விற்றாள், சுட்டாள், அடுக்கினாள்' என்று மாற்றினால், கேட்போர் அவற்றை அடுத்தடுத்து நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகளாகக் கொள்வர். விற்ற பின்னர்ச் சுட்டாள் என்னும் பொருந்தாப் பொருளும் தோன்றும். 'வை' என்னும் துணைவினைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது பின்விளைவை நோக்கியது. அடுக்கி வைத்த வடைகளுக்கு ஏதோ நிகழப்போகிறது என்னும் எதிர்பார்ப்பு அதனால் எழுகிறது. அடியார்க்குநல்லாரின் உவமையில் கூறின், வித்து இவ்வினையில் இடப்பட்டுள்ளது.

4.2. சிக்கல்

'வந்தது' என்னும் துணைவினையற்ற வினையோடு நிகழ்ச்சித் தொடர் தொடங்குகிறது. 'எடுத்துக்கொண்டது' என்பதில் 'கொள்' செயலின் பயன் செய்தவனையே சாரும் என்பதைக் காட்டுகிறது. 'பறந்துவிட்டது' என்பதில் 'விடு' செயலின் முடிவை மட்டுமன்று, மீட்க இயலாமையையும் உணர்த்துகிறது. பாட்டி இனி வடையைப் பெற முடியாது. சிக்கல் என்பது முன்னைய நிலைக்குத் திரும்ப இயலாதவாறு நிகழும் மாற்றமாதலின், அவ்விடத்தில் 'விடு' வருவது இயல்பாகிறது.

4.3. வளர்ச்சி

நரியின் வருகைக்குப்பின் முயற்சியும் விருப்பமும் குறிக்கும் வடிவங்கள் மிகுகின்றன: 'வாங்கிவிட வேண்டும்', 'புகழ்ந்து பார்த்தது'. இப்படிநிலையில் விளைவு இன்னும் உறுதிப்படவில்லை. 'பார்' என்னும் துணைவினை செயல் நிகழ்ந்ததைக் கூறி, விளைவைத் திறந்து வைக்கிறது. அடுத்து வரும் 'வாய் திறக்கவில்லை' என்னும் எதிர்மறை, நிகழக்கூடியதாக இருந்து நிகழாததைச் சுட்டுகிறது. எதிர்மறையும் விருப்பம், இயல்பு குறிக்கும் வடிவங்களும் நிகழ்ந்ததை நிகழாததோடு ஒப்பிட்டு மதிப்பிடப் பயன்படும் என்று லபோ கூறியது இங்குப் பொருந்துகிறது.

4.4. திருப்பம்

'மயங்கிப் போயிற்று', 'கத்திவிட்டது', 'விழுந்துவிட்டது' என மூன்று வினைகள் தொடர்ந்து துணைவினை பெறுகின்றன. இவற்றுள் 'கத்திவிட்டது' கூர்ந்து நோக்கத்தக்கது. 4.2இல் 'பறந்துவிட்டது' என்பது காகத்தின் வெற்றி. இங்குக் 'கத்திவிட்டது' என்பது அதன் தவறு, கருதாது செய்தது, செய்திருக்கக் கூடாதது. துணைவினை ஒன்றே, செய்ததும் ஒரே காகமே, மதிப்பீடு நேர்மாறானது. 'விடு' என்பதற்கு அகராதியில் 'முடிவு' என ஒரு பொருளும் 'எதிர்பாராமை' என மற்றொரு பொருளும் தரலாம். எவ்விடத்தில் எப்பொருள் என்பதைத் தீர்மானிப்பது முன்வரும் வினையன்று. கதைப்பின்னலில் அவ்வினை நிற்கும் இடமே ஆகும்.

4.5. தீர்வு

'கவ்விக்கொண்டு ஓடிவிட்டது', 'ஏமாந்து போயிற்று' என்பன சிக்கலின் வடிவங்களையே மீண்டும் கொணர்கின்றன. தொடக்கத்தில் காகம் 'எடுத்துக்கொண்டு பறந்துவிட்டது'. இறுதியில் நரி 'கவ்விக்கொண்டு ஓடிவிட்டது'. கொள், விடு என்னும் இரண்டும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறுகின்றன. 'போ' என்பது தன் வயத்ததன்றி நேரும் நிலைமாற்றத்தைக் குறிப்பது. அது தோற்றவர்க்கு உரியதாகிறது.

4.6. துணைவினை இன்மை

துணைவினை பெறாத ஆறு வினைகளும் பொருளற்றவை அல்ல. 'வந்தது', 'அமர்ந்தது', 'புகழ்ந்தது', 'கேட்டது' என்பன கதையை ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததற்கு எடுத்துச் செல்பவை. துணைவினைகள் கதையின் மூட்டுகளில் நிற்கின்றன. மூட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் தனிவினைகள் நிற்கின்றன. 'காகம் வந்துவிட்டது, அமர்ந்துவிட்டது, நரி கேட்டுவிட்டது' என எல்லா வினைகளுக்கும் துணைவினை சேர்த்தால் மூட்டு எது, இடைப்பகுதி எது என்பது மறைந்துவிடும். முன்புல நிகழ்ச்சி அனைத்தும் 'விடு' பெறும் என்று கற்பிப்பது, ஆதலின், பிழையாகும்.

5. முடிவு மாறுங்கால்

இக்கதைக்கு மற்றொரு முடிவும் வழங்குகிறது. அதில் காகம் அறிவுடையது: 'காகம் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டது. "கா" என்று கத்தியது. நரி ஏமாந்து போயிற்று.'

இரு முடிவுகளிலும் காகம் கத்துகிறது. புறநிகழ்ச்சியில் வேறுபாடில்லை. ஆயினும் முதல் முடிவில் 'கத்திவிட்டது' என்பது இயல்பாக, இரண்டாம் முடிவில் 'கத்தியது' என்பதே இயல்பாகிறது. இரண்டாவதில் 'கத்திவிட்டது' என்று கூறினால், கேட்போர் வடை விழுந்ததாகவே எதிர்பார்ப்பர். கத்துதல் முதல் முடிவில் திருப்பம். இரண்டாவதில் திருப்பம் 'வைத்துக்கொண்டது' என்னும் வினைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. துணைவினையும் அவ்விடத்திற்கே பெயர்கிறது. 'ஏமாந்து போயிற்று' என்பது காகத்தை விட்டு நரியைச் சேர்கிறது.

மொழியியலில் ஒலி ஒன்றின் மாற்றத்தால் பொருள் மாறுவதைக் காட்டக் குறைந்தபட்ச இணைகளைப் பயன்படுத்துவர். இவ்விரு முடிவுகளும் கருத்தாடல் நிலையில் அத்தகைய ஓர் இணையாகும். கற்போர் 'விடு' என்பதன் பொருளை வரையறையால் அன்றி இவ்விணையால் எளிதில் உணர இயலும்.

6. கூறுவோர் மாறுங்கால்

மதிப்பீடு கூறுவோரைச் சார்ந்தது. ஆதலின் கூறுவோர் மாறினால் துணைவினையும் மாறும். இதே நிகழ்ச்சிகளைப் பாட்டி கூறின், 'விற்பதற்கென்று சுட்டு வைத்திருந்தேன். காகம் தூக்கிப் போய்விட்டது' என்பாள். காகம், 'பேசாமல் இருந்திருக்கலாம். வாயைத் திறந்து தொலைத்தேன்' என்று கூறும். நரியோ, 'பேசியே வாங்கிவிட்டேன்' என்று கூறும். வடை கைமாறியது என்னும் செய்தி மூன்றிலும் ஒன்றே. இழப்பு, தன்மீது சினம், பெருமிதம் ஆகியன துணைவினைகளாலேயே வேறுபடுகின்றன.

இவ்விடத்தில் மரியாதை வழக்கும் கற்பிக்கப்படுதல் வேண்டும். 'தொலை' என்பது வெறுப்பையோ சலிப்பையோ உணர்த்துவது. தன்னைப் பற்றியும் நெருங்கியோரைப் பற்றியும் பேச்சில் வருவது. இதனைக் 'கட்டாயத்தின்பேரில் செய்தல்' என்று மட்டும் கற்ற மாணவர், 'ஆசிரியர் வந்து தொலைந்தார்' என்று எழுதினால் அது இலக்கணப் பிழையன்று, அவமதிப்பு. 'இறந்துவிட்டார்', 'செத்துப்போனான்' என்பவற்றின் வேறுபாடும் இத்தகையதே. 'போடு' வட்டாரத்திற்கேற்ப வேறுபடுவது. பொது வழக்கில் 'கொன்றுபோட்டான்' என்பது வன்மையைக் குறிக்க, யாழ்ப்பாணத் தமிழில் 'செய்துபோட்டு வந்தேன்' என்பது பொதுத் தமிழின் 'செய்துவிட்டு வந்தேன்' என்பதற்கு இணையாக, வன்மைப் பொருளின்றி வரும். ஈழத்துப் புனைகதைகளைப் பிறமொழிகளில் பெயர்ப்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பேச்சு வடிவம் மற்றோர் இடர்ப்பாடு. 'வந்துவிட்டான்' என்பது 'வந்துட்டான்' என்றும் 'எடுத்துக்கொண்டான்' என்பது 'எடுத்துக்கிட்டான்' என்றும் ஒலிக்கும். 'வந்துவிட்டது' என்பது ஒருசார் வழக்கில் 'வந்திருச்சு' என்றாகும். 'வந்திருக்கிறது' என்பதோ 'வந்திருக்கு' என்றாகும். இவ்விரண்டும் செவிக்கு அண்மையவை; கதையில் அவற்றின் இடம் வேறு வேறு.

7. பிற இந்திய மொழியினர் தமிழ் கற்றல்

மைசூரில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் தென் மண்டல மொழி மையம், பிற மொழி பேசும் ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பித்து வந்துள்ளது. அத்தகையோர்க்குத் துணைவினை என்னும் கருத்து அந்நியமானதன்று. வினையெச்சத்தோடோ வினையடியோடோ மற்றொரு வினை சேர்ந்து தன் சொற்பொருள் இழந்து நிற்றல் தெற்காசிய மொழிகள் பலவற்றிற்குப் பொதுவான பண்பு என்பதைக் காலின் மாசிகா 1976இல் எடுத்துக்காட்டினார்.

எனினும் இணை ஒன்றுக்கொன்று பொருந்துவதன்று. கன்னடத்தின் 'பித்துபிட்ட' என்பது தமிழின் 'விழுந்துவிட்டான்' என்பதோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்தது. தெலுங்கின் 'தீஸுகொன்னாடு', இந்தியின் 'லே லியா' என்பன 'எடுத்துக்கொண்டான்' என்பதன் பொருளையே தருகின்றன. ஆனால் விழுந்துவிட்டான் என்பதற்குத் தெலுங்கு 'படிபோயாடு' என்றும் இந்தி 'கிர் கயா' என்றும் கூறும். இரண்டிலும் வருவது 'போ' என்னும் பொருளுடைய வினை. அதனைப் பின்பற்றி 'வடை விழுந்து போயிற்று' என எழுத வாய்ப்புண்டு. இந்தியின் 'பைட் கயா' என்பதை 'உட்கார்ந்து போனான்' எனப் பெயர்த்தால், உட்கார்ந்த பின்னர்ப் புறப்பட்டான் என்னும் பொருளே கிட்டும். தமிழ்ப் 'போ' கெடுதல், உடைதல், ஏமாறுதல், மயங்குதல் போன்ற நிலைமாற்ற வினைகளோடு பெரிதும் வருவது. கதையில் அது தோற்றவர், இழந்தவர் பக்கம் நிற்பது என்று காட்டினால் இவ்வரையறை மாணவர் மனத்தில் எளிதில் நிலைக்கும்.

8. மொழிபெயர்ப்பில் துணைவினை

ஆங்கிலக் கதையொன்றைத் தமிழாக்குவோர் ஒவ்வோர் இறந்தகால வினைக்கும் ஒரு தேர்வு செய்தாக வேண்டியுள்ளது. மூலத்தில் கத்தினான் என்னும் பொருளுடைய ஒரு வினை இருக்கும். தமிழில் 'கத்தினான்', 'கத்திவிட்டான்', 'கத்தித் தள்ளினான்', 'கத்திப் பார்த்தான்' என நான்கு வழிகள் திறந்துள்ளன. மூல வாக்கியத்தை மட்டும் நோக்கினால் இவற்றுள் எதனையும் தேர இயலாது. எல்லாவற்றையும் தனிவினையாக்குவது பாதுகாப்பானதாகத் தோன்றும். அத்தகைய மொழிபெயர்ப்பே 'மொழிபெயர்ப்பு வாடை' வீசுவதாகக் குறைகூறப்படுகிறது. நிகழ்ச்சி கதையின் எப்படிநிலையில் நிற்கிறது, அதனை நோக்குவோர் யார் என்னும் இரு வினாக்களும் தேர்வுக்கு வழிகாட்டுவன.

தமிழினின்றும் ஆங்கிலத்திற்குச் செல்லுங்கால் சிக்கல் வேறு. துணைவினை தாங்கும் மதிப்பீட்டை அடைமொழியாலோ, தனிச் சொற்றொடராலோ, வாக்கிய ஒழுங்கு மாற்றத்தாலோ ஈடுசெய்ய வேண்டும். இன்றேல் அது அழிந்துபடும். இவ்விழப்பு இலக்கியச் சுவையோடு மட்டும் நின்றுவிடுவதன்று. ஒருவர் தம் வாக்குமூலத்தில் 'அடித்துவிட்டேன்' என்று கூறுவதாகக் கொள்ளலாம். அது 'அடித்து முடித்தேன்' என்னும் உறுதிப்பாடாகவும் இருக்கலாம். 'கருதாமல் அடிக்க நேர்ந்தது' என்னும் வருத்தமாகவும் இருக்கலாம். 'அடித்தேன்' என்னும் பொருள்பட மட்டும் அதனை ஆங்கிலப்படுத்தினால், பேசியவர் தெரிவித்த மனநிலை பதிவில் இடம்பெறாது. இருபொருளுள் எது என்பது அவ்வொரு வாக்கியத்தில் இல்லை. அவர் முன்னும் பின்னும் கூறிய நிகழ்ச்சி வரிசையில் உள்ளது. துணைவினையைக் கருத்தாடலோடு இணைத்துக் கற்றவரே அவ்வரிசையில் அதனைத் தேடுவார்.

எதிர்மறையிலும் இத்தகைய நுட்பம் உண்டு. 'விழுந்துவிட்டது' என்பதன் இயல்பான எதிர்மறை 'விழவில்லை' என்பதே. 'விழுந்துவிடவில்லை' என்று கூறினால், விழுந்திருக்கும் என்னும் பிறர் எண்ணத்தை மறுப்பதாகும். 'உலகம் ஒன்றும் அழிந்துவிடவில்லை' என்னும் வழக்கு இவ்வகையினது.

9. கற்பிக்கும் முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் வகுப்பறைப் பணியைப் பின்வரும் வரிசையில் அமைக்கலாம்.

(அ) ஆசிரியர் கதையை முதலில் வாய்மொழியாகக் கூறுதல். மாணவர் நிகழ்ச்சிகளை மட்டும் வரிசைப்படுத்துதல்.

(ஆ) நிகழ்ச்சி வரிசையைச் சூழல், சிக்கல், வளர்ச்சி, திருப்பம், தீர்வு எனப் பகுத்தல். கருத்து வேறுபாடு தோன்றின் அதனை விவாதித்தல். அவ்விவாதமே மதிப்பீட்டைப் பற்றியதாக அமையும்.

(இ) துணைவினைகள் நீக்கப்பட்ட கதை வடிவத்தை அளித்து, எவ்விடங்களில் கதை தெளிவிழக்கிறது என்று கண்டறியச் செய்தல். சூழற் பகுதியில் தொடங்குதல் எளிது. கொண்டிரு, இரு, வை, வா என்பவற்றின் இன்றியமையாமை அங்கு உடனே புலப்படும்.

(ஈ) சிக்கலிலும் தீர்விலும் கொள், விடு. வளர்ச்சியில் பார், வேண்டும். திருப்பத்தில் விடு, போ என்னும் முறையில் அறிமுகப்படுத்துதல். எவ்வினைகளுக்குத் துணைவினை வேண்டுவதில்லை என்பதையும் காரணத்துடன் கூறச் செய்தல்.

(உ) கதையின் முடிவை மாற்றி எழுதச் செய்தல். மாணவர் மாற்ற வேண்டிய துணைவினைகளைத் தாமே காணுதல் வேண்டும்.

(ஊ) கூறுவோரை மாற்றி எழுதச் செய்தல். தொலை, தள்ளு, போடு ஆகியவற்றை இந்நிலையில், அவற்றின் சமூக வழக்கோடு சேர்த்துக் கற்பித்தல்.

மதிப்பிடுங்கால் 'சரி', 'தவறு' என்னும் இரண்டு மட்டும் போதா. 'காகம் கத்தியது' என்று எழுதிய மாணவரிடம், 'காகம் வேண்டுமென்றே கத்தியதா?' என்று வினவுவதே தக்க திருத்தமாகும். விடையளிக்க முற்படுங்கால் அவர் தமக்கு வேண்டிய வடிவத்தைத் தாமே தேர்வார்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. நிகழ்ச்சி வரிசை தெளிவாக உள்ள சிறுகதைகளுக்கும் நாட்டார் கதைகளுக்கும் இது பொருந்தும். நினைவோட்டமாக அமைந்த புதினங்களில் படிநிலைகளையே வரையறுத்தல் அரிது. 'முடியும்', 'கூடும்' போன்றவை கதைக்குப் புறம்பான உரையாடல், விளக்கவுரை ஆகியவற்றில் மிகுதியாக வருவன. அவற்றைக் கதைவழி மட்டும் கற்பித்தல் போதாது. படிநிலைக்கும் துணைவினைக்கும் உள்ள உறவு ஒரு போக்கே அன்றி விதியன்று என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.

10. முடிவுரை

துணைவினை என்பது வினைத்தொடரின் ஈற்றில் நிற்பினும், அதன் பொருள் அத்தொடருக்கு அப்பாலும் செல்கிறது. சூழலை நிகழ்ச்சியினின்று பிரித்தல், மீட்க இயலாத மாற்றத்தைச் சுட்டுதல், விளைவு தெரியாத முயற்சியைக் காட்டுதல், கருதாமல் நேர்ந்ததைக் கருதிச் செய்ததினின்று வேறுபடுத்தல் ஆகியன கதைப்பின்னலின் தேவைகள். தமிழ் அத்தேவைகளைப் பெரிதும் துணைவினைகளால் நிறைவுசெய்கிறது. எனவே துணைவினைப் பாடமும் கதைப் பாடமும் தனித்தனியே இருத்தல் கற்போர்க்குப் பயன்தராது. பாடநூல் எழுதுவோர் துணைவினைப் பட்டியலுக்கு மாற்றாக ஒரு சிறுகதையின் இரு முடிவுகளைத் தருவாராயின், மாணவர் 'விட்டது' என்பதை எங்கு இடுவது என்பதோடு, எங்கு இடாமல் விடுவது என்பதையும் கற்றுக்கொள்வர். மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்விரண்டாவது அறிவே பெரிதும் வேண்டப்படுவது.